புகார்ப் பிரிவில் சேம்பர் மியூசிக்

கிழக்கு மண்டலப் பொதுமக்கள் குறைகேட்பு இணை ஆணையரகம் கல்கத்தாவில் டல்ஹௌசிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. யார் எந்த அலுவலகத்தின் மீது புகார் கொடுத்தாலும் அதைப் பணிவுடன் பெற்று, முத்திரை குத்தி, தக்க நடவடிக்கைக்காக அந்த அலுவலகத்துக்கே அனுப்பி வைப்பது அதன் தலையாய கடமை. இந்தக் கடமையில் அது ஒருநாளும் தவறியதில்லை.

2002-ஆம் வருஷம் தில்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகங்கள் மக்களை நெருங்க வேண்டுமாம். அதற்காக ஒவ்வொரு அலுவலகமும் ஒரு கலையைத் தத்தெடுத்து, அதில் வளரும் கலைஞர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். பாட்னா கிளைக்குப் பொம்மலாட்டம் கிடைத்தது. கௌஹாத்திக்கு மூங்கில் கூடை. கல்கத்தாவுக்கு, நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் மேல்நாட்டுச் சங்கீதமான சேம்பர் மியூசிக்.

இணை ஆணையர் பட்டாபிராமன் அதை இரண்டு தரம் படித்தார். முந்தைய இலாகாவில் தீயணைப்பு வாளிகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசும் பிரிவை ஏழு வருஷம் அப்பழுக்கில்லாமல் நடத்தியவர் அவர். சங்கீதம் அவருக்குப் புதிது.

"சௌந்தரராஜன், சேம்பர் மியூசிக்னா என்னய்யா?"

நேர்முக உதவியாளர் சௌந்தரராஜனுக்கு விதிப்புத்தகத்தில் இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது. "சேம்பர்னா ஸார், இணை ஆணையர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியோட தனி ரூம். அட்டாச்டு பாத்ரூம் இருக்கணும். அதுக்குள்ள வாசிக்கிறது சேம்பர் மியூசிக்."

"நம்ம ஆபீஸ்ல சேம்பர் எத்தனை?"

"ஒண்ணுதான் ஸார். தங்களோடது."

"அப்படின்னா என்னை நம்பித்தான் அனுப்பியிருக்கா," என்று பட்டாபிராமன் நெகிழ்ந்து போனார்.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நால்வர் குழு ஒன்று ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டது. அதனுடன் இணைந்து பணியாற்ற வளரும் இசையமைப்பாளர்கள் விண்ணப்பிக்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரமும் வந்தது.

தெற்குக் கல்கத்தாவில், டாக்குரியாவில் அதைப் பார்த்தவள் பத்மஜா. வயது இருபத்தொன்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்து வந்தாள். சரியாக இந்த நான்கு வாத்தியங்களுக்கென்று மூன்று வருஷமாக ஒரு இசை எழுதியிருந்தாள். பன்னிரண்டு நிமிஷம். காய் நறுக்கும்போது வயலினை முணுமுணுப்பாள். பஸ்ஸில் தொங்கும்போது செல்லோவை. நான்கும் சேர்ந்து ஒலித்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று விண்ணப்பத்தோடு வந்தாள்.

சௌந்தரராஜன் காகிதங்களைப் புரட்டினார். "பிறந்த சர்டிபிகேட் இருக்கு. படிச்ச சர்டிபிகேட் இருக்கு. வளர்றதுக்கு சர்டிபிகேட் எங்கே?"

"வளர்றதுக்கா?"

"வளரும் இசையமைப்பாளர்னு போட்டிருக்கே. ஏற்கெனவே வளர்ந்துட்டவா யாராவது ஏமாத்தி உள்ள நுழைஞ்சுட்டா?"

"ஸார், என்னை யாருக்குமே தெரியாது."

"அதை நீங்க சொல்லப்படாது. யாராவது பெரியவா சொல்லணும்."

மறுநாள் பள்ளித் தலைமையாசிரியை, 'பத்மஜாவின் இசையை நானோ நான் அறிந்த எவருமோ கேட்டதில்லை என்று இதன் மூலம் சான்றளிக்கிறேன்' என்று மகிழ்ச்சியுடன் எழுதிக் கொடுத்தார். கடும் பரிசீலனைக்குப் பிறகு, விண்ணப்பித்த ஒருவரிலிருந்து பத்மஜா தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

பட்டாபிராமன் அவளை அறைக்கு அழைத்து வாழ்த்தினார். "டாக்குரியாவா? யாராத்துப் பொண்ணு நீ? சந்தோஷம். வியாழக்கிழமை பதினொண்ணரைக்குக் கச்சேரி. ஆனா ஒரு சின்ன சிக்கல்."

சிக்கல் நாற்காலி. இணை ஆணையர் அறைக்கு விதிப்படி மூன்று விருந்தினர் நாற்காலிதான். கலைஞர்கள் நான்கு பேர்.

"நாலாவது நாற்காலிக்குத் தில்லிக்கு எழுதியிருக்கேன். எட்டு மாசம் ஆகும்," என்றார் சௌந்தரராஜன். "அதுவரைக்கும் மூணு பேருக்குன்னு மாத்தி எழுதிக் கொடுத்துடுங்கோளேன்."

"யாரை எடுக்கறது?"

"அந்தப் பெரிய பிடிலை எடுத்துடலாம். இடமும் மிச்சம்."

பெரிய பிடிலை வாசிப்பவர் பிரதீப் கோம்ஸ். அறுபது வயது, முப்பது வருஷம் கல்யாண ஹோட்டல்களில் சாப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவே செல்லோ வாசித்தவர். தாழ்வாரத்தில் பத்மஜாவின் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, வில் இல்லாமல் விரலை மட்டும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வங்காளத்தில், "மா, இந்த நடுப்பகுதியை நீ எனக்காகவே எழுதியிருக்கிறாய்," என்றார்.

பத்மஜா உள்ளே திரும்பிப் போய், "முடியாது ஸார்," என்றாள். "உக்கார ஆத்துலேர்ந்து ஒரு பிரம்பு மோடா கொண்டு வரேன்."

வியாழக்கிழமை காலை பிரம்பு மோடாவைத் தலையில் வைத்துக்கொண்டு டாக்குரியா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினாள். அலுவலக வாசலில் காவலாளி, தனியார் தளவாடம் உள்ளே வர அனுமதிச் சீட்டு கேட்டான். சௌந்தரராஜன் விதிப்புத்தகத்தைத் திறந்தார். தனியார் தளவாடம் அதிகாரியின் அறைக்குள் போகக் கூடாது. ஆனால் பொதுமக்கள் காத்திருக்கும் தாழ்வாரத்தில் வைக்கத் தடையில்லை.

ஆகவே மூன்று பேர் அறைக்குள்ளும் கோம்ஸ் வாசற்படிக்கு வெளியே மோடாவிலுமாக உட்கார்ந்தார்கள். அவர் மற்றவர்களைப் பார்க்க வேண்டுமே என்பதற்காகக் கதவு திறந்தே இருந்தது. சேம்பர் மியூசிக்கை சேம்பருக்கு அருகதை உள்ளவர்கள்தான் உள்ளேயிருந்து கேட்கலாம் என்பதால் பட்டாபிராமன் தனியாக வீற்றிருந்தார். பத்மஜா தாழ்வாரத்தில், புகார் மனுக்களோடு நின்ற நூற்றுநாற்பது பேரில் ஒருத்தியாகச் சுவரோரம் நின்றாள்.

வாசிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் இரண்டு வயலின்கள் ஒன்றை ஒன்று தேடின. வயோலா நடுவில் வந்தது. பிறகு கோம்ஸ் வில்லை இழுத்தார். கியூவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள். வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை மறந்தார். ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை. பத்மஜா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாக மண்டைக்குள் தனித்தனியாக அலைந்தவை சேர்ந்து நடந்தன. ஒரே ஒரு இடத்தில் அவள் எழுதியது தப்பு என்றும் தெரிந்தது. அதுகூட அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

முடிந்ததும் தாழ்வாரமே கை தட்டியது. பட்டாபிராமன் கை தட்டவில்லை. திறந்த கதவு வழியாகத் தாழ்வாரத்தில் மனு வாங்கும் கௌண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சௌந்தரராஜன், கவனிச்சீரா? பதினொண்ணரையிலேர்ந்து பதினொண்ணு நாற்பத்திரண்டு வரைக்கும் ஒரு புகார்கூட வரலை."

"ஆமாம் ஸார். பன்னண்டு நிமிஷத்துல நூத்திநாற்பது பேருக்குக் குறையே இல்லாமப் போயிடுத்து."

இது அப்படியே அறிக்கையாகத் தில்லிக்குப் போனது. நாற்காலிக்கு எட்டு மாதம் கேட்ட தில்லி, இதற்கு எட்டே நாளில் பதில் எழுதியது: மேற்படி முறையை நாள் முழுவதற்கும் விரிவுபடுத்துக.

பட்டாபிராமன் பத்மஜாவை அழைத்தார். "பன்னண்டு நிமிஷம் போறாதும்மா. பத்து மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் எழுதுவியா?"

"எதுக்கு ஸார்?"

"ஜனங்களுக்கு நிம்மதியா இருக்கு."

பத்மஜாவுக்கு விஷயம் புரியாமல் இல்லை. ரயிலில் திரும்பும்போது நியாயமா என்று நினைத்தும் பார்த்தாள். ஆனால் வாரம் ஆறு நாள், தேர்ந்த நால்வர் குழு, கேட்க ஒரு கூட்டம். எந்த இசையமைப்பாளருக்கு இது கிடைத்திருக்கிறது? பாலிகஞ்ச் ஸ்டேஷன் வருவதற்குள் அடுத்த இசையின் முதல் நான்கு அடிகள் தயாராகிவிட்டன.

நவம்பரில் அந்தத் தாழ்வாரம் ஊரில் பிரபலமாகிவிட்டது. இன்னும் ஆறு வளரும் இசையமைப்பாளர்கள் வேலைக்கு வந்தார்கள். ஜனங்கள் பிளாஸ்கில் தேநீரும் பொட்டலத்தில் ஜால்முரி என்கிற காரப்பொரியுமாக வந்தார்கள். பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்டார்கள். ஒன்றரை வருஷமாகப் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்த ஒருவர், இரண்டாவது வயலினின் சுருதி திங்கட்கிழமைகளில் கொஞ்சம் இறங்குகிறது என்று வருத்தத்துடன் சொன்னார். அவருக்கு இருந்த ஒரே குறை அதுதான். கிழக்கு மண்டலத்தில் புகார்களின் எண்ணிக்கை பூஜ்யமாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை கிடர்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கலியன் என்பவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு மாடியேறி வந்தார். அவர் தெருக் குழாயில் பதினோரு மாதமாகத் தண்ணீர் வரவில்லை. கையில் நாற்பது வீட்டார் கையெழுத்துப் போட்ட மனு. நேரே கௌண்டருக்குப் போனார். மாதக்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த குமாஸ்தா அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். முத்திரையை எடுத்து வைத்தார், பேனாவைத் திறந்தார், கையை நீட்டினார்.

"ஐயா, எங்க தெருவுல தண்ணி..." என்று கலியன் ஆரம்பித்தார்.

"உஷ்!"

சொன்னது பத்மஜா. அது கோம்ஸின் நடுப்பகுதி. தொடர்ந்து தாழ்வாரம் முழுக்க "உஷ்!" என்றது. ஸ்வெட்டர் பின்னுபவர்கள் முறைத்தார்கள். குமாஸ்தா வெட்கப்பட்டுப் பேனாவை மூடினார்.

கலியன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, தரை தூசியாக இருந்ததால் மனுவை விரித்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.