உன் அக்கா கொடுத்த பாதை

மத்திகிரி
14.3.1994

அன்புள்ள மச்சினன் சென்னகிருஷ்ணனுக்கு,

மாமா திம்மப்பன் எழுதுவது. இங்கே மாடு கன்றுகள் நலம். உன் அக்கா வெங்கடம்மாளும் நலம்தான், அளவுக்கு மீறிய நலம். கெலமங்கலத்தில் உன் மனைவி மக்களும் தக்காளித் தோட்டமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மேற்கொண்டு எழுதுவதை உட்கார்ந்து படி.

இங்கிருந்து பேக்டரிக்கு நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் லாரி ஓடும் ரோட்டில்தான் போக வேண்டும். போன மாதம் முனிலட்சுமி என்கிற பெண்ணை ஒரு லாரி உரசித் தள்ளி, கால் ஒடிந்து கிடக்கிறாள். அதனால் இரண்டு வகையாருக்கும் சேர்த்துத் தனியாக ஒரு பாதை போடுவதென்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. நானும் கைதட்டினேன். பிறகுதான் ஓவர்சியர் வரைபடத்தை விரித்தார். சிவப்புக் கோடு நம் மாந்தோப்புக்குள் போகிறது!

"சார், இது எங்க தோப்பு!"

"ஓரமாத்தாங்க போகுது."

ஓரமாம்! காய்க்கிற காலத்தில் ஊரே மணியடித்துக்கொண்டு உள்ளே போனால் மரத்தில் என்னடா மிஞ்சும்?

சனிக்கிழமை தோப்பிலேயே வெள்ளோட்டம். நடப்பவர்கள் எந்தப் பக்கம், சைக்கிள் எந்தப் பக்கம் என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை. ராமப்பன் ஒருத்தன், அவனுடைய ஆடுகள் எந்தப் பக்கம் என்று கேட்கிறான். கடைசியில் நடுவே கயிறு கட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், வழி திறந்துவிட்டதென்று மொத்தமாகப் புகுந்துவிட்டார்கள். கயிறு அறுந்தது. ஓவர்சியர் விசிலோடு ராகி வைக்கோல் போரில் போய் விழுந்தார். "பாத்தீங்களா, இது சரிப்படாது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. மேலே உன் அக்கா! இந்த வயதில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு! எங்கே கற்றாள், யாருடைய சைக்கிள், ஒன்றும் தெரியாது.

இறங்கி நேராக ஓவர்சியரிடம் போனாள். "சார், தோப்பு எங்கப்பா எனக்கு எழுதி வெச்சது. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

"ஏண்டி, என்னெ ஒரு வார்த்தெ கேக்க வேணாமா?"

"கேட்டா வேணாம்பீங்க, அதான் கேக்கல. அந்தப் புள்ளெ காலு ஒடிஞ்சி கெடக்குதே, ஒரு நாளாவது போயிப் பாத்தீங்களா?"

ஊர் முன்னால் நட்டுவைத்த கல் மாதிரி நின்றேன். ஆனாலும் விடவில்லை. அவள் கையெழுத்துப் போடுவதற்குள், மறுநாளே எதிர்ப்பு எழுதி ஓவர்சியரிடம் கொடுத்துவிட்டேன். நீ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து அவளுக்குப் புத்தி சொல். தம்பி சொன்னால் கேட்பாள்.

குழந்தைகளுக்கு என் ஆசி. இப்படிப்பட்ட அதிர்ச்சி எதுவும் இல்லாமல் நீங்கள் எல்லோரும் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் தெளியாத உன் மாமா,
திம்மப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் ஓவர்சியர் வந்தார். என் எதிர்ப்பை ஏற்றுக்கொண்டு பாதையைப் பக்கத்துத் தோப்புக்கு மாற்றிவிட்டார்களாம். அந்தத் தோப்புக்காரன் ஆஞ்சப்பன் உடனே சம்மதித்து, பாதைக்குத் தன் பெயரை வைக்கச் சொல்லியிருக்கிறானாம். ஆஞ்சப்பன் பாதை! சென்னகிருஷ்ணா, மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே. நாலு ஆளோடு உடனே புறப்படு. பாதை நம் தோப்பு வழியாகத்தான் போக வேண்டும். எதிர்ப்பு எழுதிக் கொடுத்தது வேறு ஒரு திம்மப்பன் என்று நீதான் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.