ஒரு குடம் தீர்த்தமும் ஒரு மூட்டை மரத்தூளும்

இருபத்தாறு வயதில் எனக்கு விஞ்ஞான மூளை இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பியது உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

கல்யாணமாகி ஆறு மாதம். ஸ்ரீரங்கத்தில், சமையலறைக்கு ஜன்னலே இல்லாத ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். விறகுப் புகையில் என் மனைவி வேதவல்லி இருமாத நாளில்லை. கண் சிவக்கப் பரிமாறுவாள். கேட்டால், "ஒண்ணுமில்லை, சாப்பிடுங்கோ" என்பாள். கும்பகோணத்திலிருந்து மாமனார் கடிதம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவாராம். புகை அப்படியே இருந்தால் குழந்தையைக் கையோடு அழைத்துப் போய்விடுவாராம். (குழந்தை என்றது வேதவல்லியைத்தான்.)

பதறிப்போனேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் மரத்தூள் அடுப்பைப் பற்றிச் சொன்னார். அடியில் ஓட்டை போட்ட தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து அடைத்து, பாட்டிலை உருவிவிட வேண்டும். அந்தக் குழிக்குள் நெருப்பு புகையில்லாமல் மணிக்கணக்கில் எரியுமாம். மரத்தூளோ மரம் அறுக்கும் மரவாடிகளில் யாரும் சீந்தாத குப்பை. "தாராளமா அள்ளிட்டுப் போங்க சார், எனக்கு இடம் காலியாகும்" என்றார் மரவாடிக்காரர். ஒரு மூட்டையைச் சைக்கிளில் கட்டி, காவிரிப் பாலம் நெடுகத் தூவிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம்தான் மாமனாரின் ஆசாரம் ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து வரும் எதையும் தண்ணீர் தெளிக்காமல் சமையல் நடக்கும் தளிகை உள்ளுக்குள் விடமாட்டார். ஊர்ச் செருப்பெல்லாம் மிதித்த தூளுக்கு நாலு சொட்டு எப்படிப் போதும்? ஒரு குடம் காவிரி ஜலத்தை அப்படியே மூட்டையில் கவிழ்த்தேன்.

வேதவல்லி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, எரிக்கறதுக்குத்தானே கொண்டுவந்தேள்?"

"நீ சும்மா இரு. இது சயன்ஸ்."

ஞாயிறு காலை, மாமனார் பக்கத்தில் நின்று பார்க்க, அந்தத் தூளை டின்னில் இடித்து அடைத்து, மண்ணெண்ணெய் விட்டுப் பற்றவைத்தேன். முதலில் ஒரு இழை புகை வந்தது. அப்புறம் சமையலறையையே காணோம். மாமனாரில் நெற்றித் திருமண் மட்டும் மிச்சம் தெரிந்தது. வீடு பற்றிக்கொண்டது என்று பக்கத்துப் போர்ஷன்காரர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். முதல் வாளி அடுப்பின்மேல் விழுந்தது. இரண்டாவது என்மேல்.

வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட மாமனார், "வேதா, பெட்டியை எடு" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. (புகையின் புண்ணியத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.)

வேதவல்லி வாசற்படியில் உட்கார்ந்து இருமினாள். இருமல் நடுவே சிரிக்க ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நான் வரலைப்பா. உங்க ஆசாரத்துக்காக ஒரு குடம் ஜலத்தைத் தூள்ல கொட்டியிருக்கார். இவரை இந்த அடுப்போட தனியா விட்டுட்டு வந்தா தெருவே மிஞ்சாது."

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை, இனிமே தீர்த்தம் தெளிக்கறதை எங்கிட்ட விட்டுடுங்கோ" என்றார்.

மூட்டையில் இருந்த தூளை வேதவல்லி இரண்டு நாள் மொட்டைமாடியில் காயவைத்தாள். தானே இடித்து அடைத்தாள். புகையே இல்லை. மாமனார் அதுவரை தங்கியிருந்து, அந்த அடுப்பில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பினார். மிஞ்சிய சாம்பல் பாத்திரம் தேய்க்க உதவியது.

இப்போதும் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், "அப்பா, தீர்த்தம் தெளிச்சாச்சா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேஸ் அடுப்பு வந்த அன்று வேதவல்லி என்னை முற்றத்திலேயே நிறுத்திவிட்டாள். இன்றும் அவள் அடுப்பைப் பற்றவைக்கும்போது நான் வெளியேதான் நிற்கிறேன். இருமல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன், கேட்காது. அதன் பிறகுதான் பேப்பரை விரிப்பேன்.