ரத்தம் கக்கிய டர்போ

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே நாற்பது கார்கள். பூட்டிக் கிடந்த மரக்கடையின் பின்முற்றத்தில் தொடங்கிய வரிசை, தெருமுனையைத் தாண்டி வளைந்து நின்றது. எல்லோரும் படித்தவர்கள். ஒருவர் வங்கி மேலாளர். இன்னொருவர் பல் மருத்துவர். ஒரு பல்லைப் பிடுங்க மூன்று படம் எடுத்துப் பார்ப்பவர். காருக்கு மட்டும் ஞானி போதும்.

எண்ணெய் ஞானி இரண்டு வருடத்துக்கு முன்பு மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஏதோ ஒரு காரின் பானெட்டில் காதை வைத்தாராம், டர்போ பேசியதாம். அத்தனை வருடம் மெத்தைகள் ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

டர்போ ஒரு சின்ன விசிறி. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். விஷயம் இவ்வளவுதான். இவ்வளவுதான் என்று சொன்னால் ஞானிக்கு யார் நாற்காலி போடுவார்கள்? ஆகவே டர்போ ‘என்ஜினின் இரண்டாவது உயிர்’ ஆனது. இரண்டு உயிரும் சண்டை போடுமாம். சமாதானம் செய்வது ஞானியின் எண்ணெய் மட்டும்தானாம். பெரிய கார், சின்ன கார், பெட்ரோல், டீசல், எல்லாவற்றுக்கும் ஒரே தகர டப்பா. உள்ளே தேன் மாதிரிக் கெட்டியாக ஒன்று.

அதை ஊற்றிய இரண்டு கார்களில் டர்போ கருகிப் போனது. ஒன்று பேக்கரிக்காரருடையது. “உனக்கு நம்பிக்கை பத்தலை” என்றார் ஞானி. பேக்கரிக்காரர் வெட்கப்பட்டு, மாற்றிய டர்போவோடு மறுபடி வரிசையில் நின்றார்.

அவருக்கு முன்னால் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர். வாரம் மூன்று நாள், நான்கு சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போகிறவர். நாளை காலை ஐந்தரைக்கும் போக வேண்டும். மேடு ஏறும்போது கார் விசில் அடிக்கிறது என்று பயந்து வந்திருந்தார். மெழுகுவத்திப் பட்டறையில் சாயம் கலக்கும் மனைவியும் கூட வந்திருந்தார்.

“டர்போன்னா லேசா விசில் கேக்கத்தான் செய்யுமாங்க. எங்க முதலாளி வண்டியும் அப்படித்தான்.”

“நீ மெழுகுவத்தியைப் பாரு. வண்டியை நான் பாத்துக்கறேன்.”

அவர்கள் முறை வந்தது. ஞானி என்ஜினில் செருகியிருந்த எண்ணெய் அளவுகோலை உருவி, ஒரு சொட்டுப் பழைய எண்ணெயை வெள்ளைத்தாளில் விட்டார். நடுவில் கருப்பு. அதைச் சுற்றி மெல்ல ஒரு வளையம் விரிந்தது. ரத்தச் சிவப்பு.

கூட்டம் ‘ஐயோ’ என்றது.

“டர்போ ரத்தம் கக்குது. நாளைக்கு நடுரோட்டுல நின்னுரும்.”

ஓட்டுநருக்கு முகம் வெளிறியது. “உள்ள நாலு உயிர் இருக்கும் சாமி…”

“பயப்படாதே. இப்ப பார்.” வேறொரு தாளை எடுத்துத் தன் எண்ணெயைச் சொட்டினார். தேன் நிறம். சிவப்பு இல்லை. காருக்கடியில் ஸ்பானரோடு படுத்திருந்த கையாள் குரல் கொடுத்தான்: “பழசை இறக்கிடட்டுமா?”

“கொஞ்சம் இருங்கண்ணே” என்றார் மனைவி. அவர் சிவப்பைப் பார்க்கவில்லை. தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய எண்ணெய்க்கு இடப்பக்கத் தாள்கட்டிலிருந்து ஒரு தாள். ஞானியின் எண்ணெய்க்கு வலப்பக்கத் தாள்கட்டிலிருந்து ஒரு தாள்.

“ஐயா, உங்க எண்ணெயை இந்த இடப்பக்கத் தாள்ல ஒரு சொட்டு விடுங்க.”

“சோதிக்க வந்தியா? நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டா எண்ணெய் செத்துரும்மா.”

“செத்த எண்ணெயா இருந்தாலும் பரவாயில்லை, விடுங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஞானி சிரிக்கவில்லை. மனைவி கைப்பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்தார். சாயம் பட்டுக் கை வெடிக்காமலிருக்கத் தடவும் எண்ணெய். இடப்பக்கத் தாளில் ஒரு சொட்டு விட்டார்.

ரத்தச் சிவப்பு.

“என் கைக்கும் டர்போ இருக்கு போல. ரத்தம் கக்குது பாருங்க.”

பேக்கரிக்காரர் பாய்ந்து வந்தார். ஞானியின் டப்பாவுக்குள் விரலை விட்டு, அதே இடப்பக்கத் தாள்கட்டின் ஒரு தாளில் அழுத்தினார். தெய்வீக எண்ணெயும் சிவந்தது.

“மெழுகுச் சாயத்தூள்ங்க” என்றார் மனைவி. “ரொம்ப லேசா தடவுனா காஞ்ச தாள்ல கண்ணுக்கே தெரியாது. எண்ணெய் பட்டா கரைஞ்சு சிவக்கும். தினம் இதைத்தானே கலக்கறேன்.”

“எனக்கு நம்பிக்கை பத்தலையாடா?” என்று பேக்கரிக்காரர் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. மரக்கடைச் சுவரேறிக் குதிக்கும்போது ஞானியின் ஒரு செருப்பு இந்தப் பக்கமே விழுந்தது. கையாள் ஸ்பானரைக்கூட எடுக்காமல் ஓடினான்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “அப்ப நம்ம வண்டிக்கு எந்த எண்ணெய்?”

“வண்டியோட வந்த புக்கு எங்க?”

“டேஷ்போர்டுல இருக்கு. உறை பிரிக்கலை. புதுசாவே இருக்கட்டும்னு…”

மனைவி உறையைக் கிழித்துப் பக்கத்தைப் புரட்டினார். “எண்ணெயோட கெட்டி, அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு போட்டிருக்கான். அதுக்குக் கீழ, எந்தத் தரத்துல இருக்கணும்னும் போட்டிருக்கான். எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்னும் போட்டிருக்கான். நீங்க மாத்த வேண்டிய கெடுவே இன்னும் வரலைங்க. நாளைக்கு நிம்மதியா ஓட்டுங்க. விசில் கூடுச்சுன்னா சர்வீஸ்ல காட்டுவோம்.”

ஓட்டுநர் முதல்முறையாக மூச்சு விட்டார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வரிசை கலையவில்லை. மெல்லத் திரும்பி, மனைவிக்கு எதிரே வந்து நின்றது. முதலில் வங்கி மேலாளர், கைகூப்பியபடி. அவர் பின்னால் பல் மருத்துவர்.

“அம்மா, என் காரையும் கொஞ்சம் பாத்து, எந்த எண்ணெய்னு நீங்களே சொல்லிடுங்க.”

யாரோ அந்தக் காலி நாற்காலியைத் துடைத்து மனைவி பக்கம் நகர்த்தினார்கள்.

மனைவி நாற்காலியைப் பார்த்தார். அதை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

“நான் சொன்னா மட்டும் நம்புவீங்களா? அதுக்கு அவனே தேவலையே சார், காது வெச்சாவது கேட்டான். போய் அவங்கவங்க வண்டிப் புக்கைப் படிங்க.”

என்ஜின் மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்ற ஆயிரம் பேர் வருவார்கள். மூளைக்குப் போட்ட மூடியை, போட்டவர்தான் திறக்க வேண்டும்.