போர்ட்டத் தூக்கிக்கிட்டு நகர சபைக்குப் போன கதை

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழம. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேல. நகர சபைக்குப் போயி, கட போர்ட்டுக்கு பர்மிஷன் எடுக்கணும். அரை மணி நேர வேல.

என் கட டவுன்ல மெயின் ரோட்டுல மேல் மாடியில இருக்கு. சாரி பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். கீழ அண்ணன் மொறையில பழகுற ஹனீபா நானாவோட பலசரக்குக் கட. ரோட்டுல போறவங்களுக்கு மேல ஒரு டெய்லர் இருக்கிறதே தெரியாது. அதனால போர்ட்ட ரோட்டுப் பக்கம் நல்லா நீட்டி மாட்டியிருந்தேன்.

ஆறடி போர்ட். மூனு மொழியிலயும் "பெண்களுக்கு மட்டும்"னு பெரிய எழுத்து. பக்கத்துல மாடிப்படியக் காட்டி செவப்புல ஒரு அம்புக்குறி. கட பேரு மட்டும் ஓரத்துல கொஞ்சம் சின்னதா இருக்கும். எழுதுனவரு எடம் பத்தலன்னுட்டாரு.

ரோட்டுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற போர்ட்டெல்லாம் சுவரோட ஒட்டி மாட்டணும், அளவு காட்டி பர்மிஷன் எடுக்கணும், இல்லாட்டி பதினாலு நாள்ல கழட்டிருவோம்னு நோட்டீஸ் வந்துச்சு.

நான் அதப் பிரிச்சுப் பாத்தது பதிமூனாவது நாள்.

தீவாளிக்கு மூனு வாரந்தான் இருக்கு. வருஷத்துல எனக்குக் கை நெறைய வேல வர்றதே அந்த மூனு வாரந்தான். போர்ட் போச்சுன்னா மாடியில நானும் மெஷினும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்கார வேண்டியதுதான்.

ஒடனே ஆபீசுக்கு போன் அடிச்சேன். எடுத்தவரு சிங்களத்துல பேசுனாரு. எனக்கு சிங்களம் நல்லா வரும்னு ஒரு நம்பிக்க. அந்த நம்பிக்க எனக்கு மட்டுந்தான் இருக்கு.

"போர்ட் எகே மிம்ம அரகென எண்ட"ன்னாரு.

"மிம்ம"ன்னா அளவு. இப்பத் தெரியும். அன்னைக்கு அவரு தொண்டையச் செருமுறாருன்னு நெனச்சேன். செருமல எடுத்துட்டுப் பாத்தா, மிச்சம் இருந்தது "போர்ட்ட எடுத்துக்கிட்டு வாங்க".

கவர்மெண்டு சொன்னா செய்யணும்ல!

நானாவக் கூப்புட்டேன். ஏணி போட்டுக் கழட்டிக் குடுத்தாரு. எறக்கி வச்சுட்டு ஒரு நிமிஷம் போர்ட்டையே பாத்தாரு.

"தங்கச்சி, இத தூக்கிட்டா போப்போற? கதவு மாதிரி பெருசா ஈக்கி."

"அவங்கதான் நானா கொண்டாரச் சொன்னாங்க."

"ஆபீஸ்ல கதவு இல்லயோ என்னமோ"ன்னு சொல்லிட்டு யாவாரத்தப் பாக்கப் போயிட்டாரு.

நகர சபை மேட்டுல இருக்கு. அந்த வழியாப் போற லிந்துலை பஸ் வந்துச்சு. நான் போர்ட்டோட ஏறப் போனேன். கண்டக்டர் கைய நீட்டித் தடுத்தாரு.

"நங்கி, தங்கச்சி, இத உள்ளுக்குக் கொண்டு போக ஏலாது. முன்னுக்கு வைங்க."

டிரைவருக்குப் பக்கத்துல, முன் கண்ணாடியில சாச்சு வச்சேன். எழுத்து வெளிப்பக்கம் பாத்து இருந்துச்சு. நான் கவனிக்கல.

அடுத்த பஸ் ஹோல்ட்ல ஏழெட்டு ஆம்பளைங்க கொடையோட நின்னாங்க. பஸ் நின்னுச்சு. எல்லாரும் ஒரு அடி பின்னால போயிட்டாங்க.

கண்டக்டர் "நகின்ன! நகின்ன! ஏறுங்க!"ன்னு கத்துறாரு. ஒருத்தரும் ஏறல. ஒரே ஒரு அக்கா மட்டும் ஏறுனாங்க. ஏறி, உள்ள ஒக்காந்திருந்த ஆம்பளைங்களக் கோவமாப் பாத்தாங்க.

"ஒங்களுக்கெல்லாம் படிக்கத் தெரியாதா?"

கண்டக்டர் எறங்கி முன்னுக்குப் போயி பாத்தாரு. திரும்பி வந்து என்னையப் பாத்தாரு. ரொம்ப மரியாதையா, "நங்கி, நீங்க இங்க எறங்குங்க"ன்னாரு.

மிச்ச மேட்ட நடந்தே ஏறுனேன். காத்து வேற. மூனு எட்டு முன்னால வச்சா போர்ட் என்னைய ரெண்டு எட்டு பின்னால இழுக்குது. தேயிலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தவங்க கைய நிப்பாட்டிட்டுப் பாத்தாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு சிரிச்சு வச்சேன்.

ஒரு வழியா ஆபீஸ் போய்ச் சேந்தேன். போர்ட் பாக்குற ஆபீசரோட ரூம் வாசல் பக்கத்துல சுவர்ல சாச்சு வச்சேன். கவுண்டர்ல கேட்டா, ஐடென்டி கார்ட் காப்பி ஒன்னு வேணும்னாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காப்பிக் கடைக்குப் போனேன். மெஷின் பேப்பரக் கடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. முக்கால் மணி நேரம் ஆச்சு.

திரும்பி வந்தா, ஆபீஸ் வாசல்ல தூறல்ல இருவது ஆம்பளைங்க நிக்கிறாங்க. எல்லாம் நம்ம டவுன் கடக்காரங்க. கையில பைல் வேற.

ஹார்ட்வேர் கட அண்ணங்கிட்ட கேட்டேன். "என்னண்ணே, நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"போர்ட் சம்பந்தமா கூட்டம்னு எங்களப் பத்து மணிக்கு வரச் சொன்னாங்கம்மா. வந்து பாத்தா இன்னைக்குப் பொம்பளைங்களுக்கு மட்டுமாம்! கதவுகிட்ட எழுதியே வச்சிருக்காங்க. இதெல்லாம் ஒரு நியாயமா?"

நான் போர்ட்ட சாச்சு வச்ச எடம் அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

உள்ள எட்டிப் பாத்தேன். செவப்பு அம்புக்குறி நேரா ஆபீசர் ரூமக் காட்டுது. அது காட்டுற எடத்துல பதினஞ்சு பொம்பளைங்க கியூவுல நிக்கிறாங்க. குழாய்த் தண்ணி வரலன்னு ரெண்டு பேரு. தெரு லைட் எரியலன்னு ஒருத்தங்க. மத்தவங்க என்னத்துக்கு நிக்கிறோம்னே தெரியாம நிக்கிறாங்க.

"இப்பத்தான் நமக்குன்னு ஒரு நல்ல ஏற்பாடு பண்ணியிருக்காங்க"ன்னு முன்னால நின்ன அக்கா எங்கிட்ட சொன்னாங்க.

"ஆமாக்கா"ன்னேன். போர்ட் என்னோடதுன்னு சொல்ல தைரியம் வரல. நானும் கியூவுல கடைசியா நின்னுட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஆபீசர் வெளிய வந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு.

"பத்து மணிக்குக் கூட்டம் எண்டு சொன்னனான். ஒரு கடைக்காரரும் வரேல்லை. காலமை துவக்கம் குழாய்க் கதையும் லைட் கதையும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். என்ன நடக்குது இஞ்ச?"

கியூவே அம்புக்குறியக் காட்டுச்சு.

அவரு படிச்சாரு. தமிழ்ல ஒருக்கா, சிங்களத்துல ஒருக்கா, இங்கிலீஷ்ல ஒருக்கா. அப்புறம் ஓரத்துல இருந்த சின்ன எழுத்தக் குனிஞ்சு படிச்சாரு.

"ஆர் இந்த ராணி டெய்லர்ஸ்?"

கைய மெதுவாத் தூக்குனேன்.

"தங்கச்சி, ஆர் உங்களை இதைக் காவிக்கொண்டு வரச் சொன்னது?"

"ஒங்க ஆபீஸ்லதான் சார். போன்ல..."

"அளவைத்தானே கொண்டு வரச் சொன்னது!"

அப்பத்தான் எனக்கு "மிம்ம" வெளங்குச்சு.

"அளவு எடுக்க... கையில ஒன்னும் இல்ல சார்"னு இழுத்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

அவரு என் கழுத்தப் பாத்தாரு. "அப்ப உங்கட கழுத்தில தொங்குறது என்ன?"

துணி அளக்குற இஞ்சி டேப். காலையில கட தொறந்ததுல இருந்து மால மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கு.

கியூவுல ஒருத்தங்க ஆரம்பிச்சு வச்சாங்க. அப்புறம் பதினஞ்சு பேரும் சிரிச்சாங்க. சிரிப்புச் சத்தம் கேட்டு வெளிய நின்ன இருவது பேரும் உள்ள வந்துட்டாங்க. ஆபீசர் அவங்களப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டாரு.

"ஐயாமார், ஒரு வருசமா நோட்டீஸ் அனுப்புறன். ஒருத்தரும் கேக்கேல்லை. இந்தப் பிள்ளையின்ர போர்ட்டைக் கண்டவுடனே மழைக்க நிண்டிருக்கிறியள்!"

கூட்டம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. எல்லாரும் சரி சரின்னு தலையாட்டிட்டுப் போனாங்க.

என் டேப்ப வாங்கி அவரே அளந்தாரு. ஆறடி கூடாதாம், நாலடியாக் கொறைக்கணுமாம், சுவரோட சுவரா ஒட்டி மாட்டணுமாம். பாரத்துல கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாரு.

அவரு அளந்துக்கிட்டு இருக்கும்போதே கியூவுல இருந்த நாலு பேரு எங்கிட்ட தீவாளி பிளவுசுக்கு சொல்லிட்டாங்க. அந்த வருத்தத்துல அது ஒன்னுதான் ஆறுதல்.

இப்ப போர்ட் சட்டப்படி இருக்கு. நாலடி, சுவரோட ஒட்டி, நல்ல அழகான எழுத்து. மாட்டுனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அத நின்னு படிச்சது ஒரே ஒருத்தருதான்.

செக் பண்ண வந்த ஆபீசர்.