வயிற்றில் நாலு துவாரம்

குறிகட்டுவான் சோதனைச் சாவடியில் தம்பிஐயா சட்டையைக் கழற்றியதும், வரிசையில் பின்னால் நின்றவர்கள் சற்று விலகிக்கொண்டார்கள். வயிற்றில் ஆறியும் ஆறாத நாலு சின்னக் காயங்கள். குண்டுச் சிதறல் பட்ட வயிறும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்பது போர் நடந்த தொண்ணூற்றுமூன்றில் தீவுப்பகுதியில் பால்குடிக்கும் தெரியும்.

நயினாதீவுப் படகு புறப்பட ஆயத்தமாக நின்றது. ஏறினால் வீடு, ஏறாவிட்டால் கடற்படை முகாம். முகாமுக்குப் போனவர்களைப் பற்றி ஊரில் இறந்தகாலத்தில்தான் பேசுவார்கள்.

கடற்படை அதிகாரி சிங்களத்தில் கேட்டார். முன்பு சிலாபத்தில் சிங்களவருக்கு மீன் விற்ற படகோட்டி இராயப்பு அதைத் தமிழாக்கினார்.

"அண்ணை, உது என்ன காயமெண்டு கேக்கிறார்."

"கொழும்பிலை பித்தப்பை எடுத்தது."

பித்தப்பை எடுத்த வயிறு என்றால் தைத்த சாக்குப்போல இருக்கவேண்டும். அதிகாரி குனிந்து பார்த்து, இந்தத் துவாரங்களால் எப்படி எடுத்தார்கள் என்றார். உண்மைக்குப் பயமில்லை என்று நம்பிய தம்பிஐயா, உள்ளே ஒரு கமராவை விட்டார்கள் என்றார்.

"கமராவோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை" என்றார் இராயப்பு மெதுவாக.

சாவடியில் சொல்லத்தகாத சொல் அது என்பது பிந்தித்தான் உறைத்தது. அதை மறக்கடிக்க, வயிற்றுக்குள் காஸ் அடித்து ஊதவைத்த கதையைச் சொன்னார். காஸ் அதைவிட மோசமாகப் பட்டது. அது போய்விட்டது, உள்ளே இருப்பவை சில உலோகக் கிளிப்புகள் மட்டுமே என்று ஆறுதல் கூறினார். வரிசை இன்னும் பின்வாங்கியது.

அதிகாரி விடவில்லை. கிளிப் கழன்றால் என்ன நடக்கும்? இப்போது எங்கே நோகிறது?

காஸ் அடித்ததால் தோள்மூட்டுத்தான் நோகிறது என்றார் தம்பிஐயா. துவக்குத் தூக்கிச் சுட்டவனுக்கும் அங்கேதான் நோகும் என்பது, சொல்லி முடித்த பிறகே நினைவுக்கு வந்தது.

செய்தவர் யார் என்று அடுத்த கேள்வி. டாக்குத்தர் அரியநாயகம் என்று வாய் முந்திவிட்டது. அதிகாரி சட்டென்று நிமிர்ந்து, ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

தான் மாட்டியது போதும், உயிர் தந்த மனிசனும் மாட்டக்கூடாது. தம்பிஐயா வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதரைச் சாகடித்தார்.

"அவர் செத்துப்போனார்."

எப்படி என்றார் அதிகாரி. ஒரு பொய்க்குத் துணைப்பொய் வேண்டியிருந்தது.

"நரம்பு நோய். கன நாளாக் கை நடுக்கம். என்னை வெட்டேக்கையும் நடுங்கினதுதான்."

இராயப்பு சொல்லி முடிக்கையில் அதிகாரியின் முகத்தில் இரத்தமில்லை. தொப்பியைக் கழற்றினார். கதிரையில் சாய்ந்தார். இராயப்புவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு, போகும்படி கையைக் காட்டினார்.

படகு கரையைவிட்டு நகர்ந்த பிறகு தம்பிஐயா இராயப்புவுக்குப் பக்கத்தில் போனார். என்னை ஏன் விட்டவன் என்று கேட்டார்.

இராயப்பு சுக்கானைத் திருப்பியபடி சொன்னார்:

"அந்தாளுக்கும் பித்தப்பையிலை கல்லாம் அண்ணை. வாற வெள்ளிக்கிழமை வெட்ட இருந்ததும் உங்கடை அரியநாயகம்தானாம்."