சாண்டோரினியில் நான் தூக்கிக் கட்டிய கொடி

எங்கள் பக்கத்துத் திராட்சை விவசாயியைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகக் கூடாது. போனால் உடம்பு மட்டும்தான் வரும். புத்தி தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருக்கும். இந்த விதிக்கு நான் விலக்கு என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

கம்பம் ஊருக்குப் பக்கத்தில், சுருளிப்பட்டியில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். கல்யாணமான நாளிலிருந்து மனைவி மல்லிகாவை எங்கே கூட்டிப் போனாலும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவேன். கொடைக்கானலுக்குத் தேனிலவு போனபோதுகூட, சாரல் விழுகிறதே, ஊரில் கொத்து அழுகிவிடுமே என்று பாதியில் கிளம்பி வந்தவன் நான். (இதை அவள் ஊர் பூராவும் சொல்லிவிட்டாள். நானாக ஒப்புக்கொள்வதுதான் மரியாதை.)

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பவித்ரா, கிரேக்க நாட்டில் சாண்டோரினி என்ற தீவுக்கு எங்களைக் கூட்டிப் போக ஏற்பாடு செய்தாள். அங்கே சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க உலகமே வருமாம். அந்தச் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நாங்கள் இருவரும் நிற்கிற ஒரு போட்டோ. மல்லிகாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். கிளம்புகிற அன்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"இந்தா பாருங்க. அங்கன வந்து தெராட்சன்னு பேச்செடுத்தீக, இனி சென்மத்துக்கும் உங்ககூட நான் கம்பத்தத் தாண்ட மாட்டேன்."

"எனக்கென்ன கிறுக்கா?" என்றேன்.

தீவில் இறங்கினால், வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. தீச்சட்டி ஒன்றுதான் பாக்கி. வெள்ளை வெளேரென்ற சந்துகளில் ஆள் மேல் ஆள். ஆளுக்கொரு குச்சி, குச்சி முனையில் ஒரு போன். மல்லிகா புது ஷூ கடித்து நொண்டிக்கொண்டே வந்தாள்.

"நசுங்குறதுக்கா ஆத்தா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?" என்று மகளிடம் கேட்டாள்.

"சன்செட் பாக்குற எடத்துக்குப் போயிட்டா எல்லாம் சரியாயிரும்மா."

அந்த இடத்தில் ஒரு மதில் சுவர். மல்லிகா மத்தியானமே அதில் எங்கள் துண்டை விரித்துவிட்டாள். மதுரை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடித்து வளர்ந்த தைரியம் அது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி துண்டின் மேலேயே வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ புண்ணியவான் குளிர்ச்சிக்கு விரித்து வைத்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள் போல. மல்லிகா எங்கள் உரிமையைத் தமிழிலேயே விளக்கினாள். அவர்கள் புன்னகைத்து, "தேங்க் யூ" என்றார்கள்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "தண்ணி வாங்கிட்டு வந்துர்றேன்" என்று நான் நழுவினேன்.

கடை தேடி ஊருக்கு வெளியே வந்துவிட்டேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். திராட்சைக் கொடிகள், தரையோடு தரையாகச் சுருண்டு கிடந்தன. எங்கள் ஊர் போலக் கொடியைத் தலைக்கு மேல் தாங்கப் பந்தல் இல்லை, கம்பி இல்லை, கல்தூண் இல்லை. (தூணைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே, படுபாவிகள் என்று நினைத்தேன்.) ஆடிக் காற்றில் பந்தல் சாய்ந்து, ஒரு வருசப் பாடு மண்ணில் கிடப்பதைப் பார்த்தவன் நான். விழுந்த பந்தலைக் கண்டால் யாருடையது என்று கேட்காமல் கை கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

என் பையில் எப்போதும் ஒரு சணல் உருண்டை இருக்கும். விமான நிலையத்தில் கொடி நறுக்குகிற கவாத்துக் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டவர்கள் சணலை விட்டுவிட்டார்கள். உள்ளே இறங்கி, ஒரு கொடியை நிமிர்த்தி, பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையின் காலில் இழுத்துக் கட்டினேன். பலகையில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது. 'உள்ளே வராதே' என்றுதான் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது கொடியைத் தூக்கும்போது 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சேவை மும்முரத்தில் நான் கண்டுகொள்ளவில்லை.

எங்கள் வயதுள்ள ஒரு பெண்மணி கத்திக்கொண்டே ஓடி வந்தார். பாஷை தெரியாவிட்டாலும் அது வரவேற்பு இல்லை என்று புரிந்தது. போனை எடுத்து, எங்கள் பந்தல் போட்டோவைக் காட்டி, கொடியைக் காட்டி, வானத்தைக் காட்டினேன். அந்தம்மா போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பிறகு என் கையைப் பிடித்து ஒரு கொடிச் சுருளுக்குள் விட்டார். உள்ளே, காற்றுப் படாமல், வெயில் சுடாமல், குளுகுளுவென்று கொத்துகள். கொடி விழவே இல்லை. அந்தத் தீவின் காற்றுக்குப் பயந்து, கூடை மாதிரி அவர்களே சுற்றி வளர்த்திருக்கிறார்கள். ஒரு தலைமுறையாகத் திராட்சை போடுகிற எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போனில் என் இருப்பிடத்தைப் பார்த்துப் பவித்ராவும் மல்லிகாவும் வந்து சேர்ந்தபோது, முழங்கால் வரை மண், கையில் சணல், வாயில் திராட்சையோடு நின்றேன்.

"பாருத்தா, தண்ணி வாங்கப் போனவுக எங்கன நிக்கிறாகன்னு" என்றாள் மல்லிகா. கத்தியிருந்தால்கூடத் தேவலை. இனி இவள் கம்பம் எல்லையைத் தாண்ட மாட்டாள், காரணம் நான்தான் என்று நெஞ்சு கனத்துப் போனது.

பவித்ரா ஆங்கிலத்தில் அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்தம்மா என்னைச் சுட்டிக்காட்டி, நெற்றிப் பொட்டருகே விரலைச் சுழற்றி, 'இவர் எப்பவும் இப்படித்தானா?' என்பது போல மல்லிகாவைப் பார்த்தார். மல்லிகா பலமாகத் தலையாட்டினாள். அந்த நிமிடமே இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

அந்தம்மா ரொட்டியும் குட்டித் தக்காளியும் கொண்டுவந்தார். மல்லிகா ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, காலை மண்ணில் புதைத்துக்கொண்டாள். நான் போட்ட முடிச்சுகளை இருவரும் சேர்ந்து அவிழ்த்தார்கள். காற்று ஒன்றுதான் சத்தம். சூரியன் பாட்டுக்குக் கொடிகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் போனைத் தூக்கவில்லை.

"மல்லிகா, போட்டோ..." என்று இழுத்தேன்.

"சும்மா இருங்க. இந்தச் சூரியனுக்கா அங்கன அம்புட்டுப் பேரும் மிதிபடுறாக? இப்பத்தான் காதடைப்பு விட்டுருக்கு."

"அப்ப, இனி கம்பத்தத் தாண்டுவியா?"

யோசித்தாள். "தாண்டுவேன். ஆனா போற எடத்துல எல்லாம் உங்களக் கட்டி மேய்க்க ஒரு தோட்டம் இருக்கணும். நான் நிம்மதியா உக்காரணும்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. (தக்காளி புளிப்பு என்று சமாளித்தேன்.) மிச்ச நாளெல்லாம் சாயங்காலம் ஆனால் நாங்கள் அந்தத் தோட்டத்தில்தான் கிடந்தோம்.

போன தை மாதம் தேனியில் பவித்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆசீர்வாதம் வாங்க எங்கள் காலில் விழுந்தார். நான் வழக்கப்படி குனிந்து அவரைத் தூக்கப் போனேன்.

"அப்பா, விட்டுருங்க. அவரு வளர்ற முறையே அப்படித்தான்" என்றாள் பவித்ரா.

தீவில் நான் கொடி தூக்கிய கதையை மல்லிகா ஏற்கெனவே ஊர் பூராவும் சொல்லியிருந்ததால், மண்டபமே சிரித்தது. விழுந்தவர் எழுவதா, கிடப்பதா என்று தெரியாமல் விழித்தார்.

"பயப்படாமக் கெடங்க மாப்ள. நான் மாமாவப் பிடிச்சுக்கிறேன்" என்றாள் மல்லிகா. சொன்னபடியே என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.