சித்திரை வீதியில் மூன்று சுற்று

மோட்டார் சைக்கிள் பராமரிப்பைப் பற்றி நான் நாற்பதுக்கும் மேற்பட்ட அறிவுரைகளை எழுதி வெளியிட்டிருக்கிறேன். அவற்றை எழுதிய காலத்தில் என்னிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. இந்த உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவதே நேர்மை. (ஒப்புக்கொள்ளாவிட்டாலும் என் மனைவி சொல்லிவிடுவாள்.)

சமூகப் பணியில் முதுகலை படித்தபோது, சாலை விபத்துகள் குறித்த ஆய்வுக்காகத் திருச்சியிலுள்ள 'காவிரிக்கரை ரைடர்ஸ்' என்னும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். ஆய்வு முடிந்தது, நான் வெளியேறவில்லை. செயினுக்கு எப்போது எண்ணெய் விடுவது, டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்று அங்கே தினமும் விவாதம் நடக்கும். மற்றவர்கள் ஒரு வரியில் பதில் சொல்வார்கள். நானோ நூலகத்தில் படித்ததையும் இணையத்தில் பார்த்ததையும் தொகுத்து, ஒவ்வொரு யோசனையின் சாதக பாதகங்களையும் சீர்தூக்கி, உட்தலைப்புகளோடு எழுதுவேன். யாரும் முழுதாகப் படித்ததில்லை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. நீளத்தைப் பார்த்தே மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

மரியாதை கொடுத்தவர்களில் முதன்மையானவர் குழுவின் அட்மின் மாணிக்கம் சார். திருவெறும்பூர் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு காட்டூரில். அவர் மகள் தேன்மொழி என் கல்லூரித் தோழி. அவளைத் திருமணம் செய்துகொள்ள நான் விரும்பினேன், அவளும் விரும்பினாள். மாணிக்கம் சாரின் சம்மதம் மட்டுமே பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் குழுவின் சார்பில் சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு ஊர்வலம் ஒன்றை நான் முன்மொழிந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் புறப்பட்டு, காவிரிப் பாலம் கடந்து, ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் முடிவடைய வேண்டும். அங்கே ஒரு சிறு மேடை, ரிப்பன், போக்குவரத்து இன்ஸ்பெக்டரின் உரை, அனைவருக்கும் நீர்மோர். தலைமை வண்டியை ஓட்டும் பொறுப்பு, யோசனை சொன்ன குற்றத்துக்காக, என்னிடமே வந்தது.

"உங்ககிட்டதான் வண்டி இல்லையே தம்பி. என் வண்டிய எடுத்துக்குங்க," என்றார் மாணிக்கம் சார்.

முப்பது வருடமாக அவர் தம்பிக்குக்கூடக் கொடுக்காத வண்டி அது. சாவியை என் கையில் வைத்துவிட்டு, "ஊர்வலம் நல்லபடியா முடியட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. தேனு விஷயம் பேசிடுவோம்," என்றார். அந்தச் சாவியின் கனத்தை இன்றும் என் உள்ளங்கை அறியும்.

சனிக்கிழமை மாலை காட்டூரிலிருந்து உறையூரில் இருந்த என் அறைக்கு வண்டியை ஓட்டி வந்தேன். ஒரே ஒரு குறை. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் 'கிரீச்' என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். பாதுகாப்பு ஊர்வலத்தின் தலைமை வண்டி ஒலி மாசு எழுப்பினால் சமுதாயத்துக்கு அது என்ன செய்தியைச் சொல்லும்? குழுவில் கேட்டேன். பதினொரு பேர் பதினொரு விதமாகச் சொன்னார்கள். பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் சலீம் பாய் மட்டும் எட்டு விநாடிக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். குரல் பதிவுகளை நான் கேட்பதில்லை. எழுத்தில் இல்லாத கருத்தைப் பரிசீலிக்க இயலாது என்பது அப்போது என் கொள்கை.

எழுத்தில் வந்தவற்றைச் சீர்தூக்கினேன். சத்தம் எதனால் வருகிறது? உராய்வினால். உராய்வைக் குறைப்பது எது? எண்ணெய்.

(பிரேக் என்பதே உராய்வினால்தான் வேலை செய்கிறது என்பதை என் ஏழாம் எண் அறிவுரையில் நானே எழுதியிருந்தேன். என் அறிவுரைகளை முழுதாகப் படிக்காதவர்களில் நானும் ஒருவன்.)

ஞாயிறு விடியலில் சத்திரத்துக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்து, மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சில் இன்ஜின் ஆயிலை ஏற்றி, பிரேக் டிரம்மின் இடுக்கு வழியாக உள்ளே செலுத்தினேன். சம நீதியில் நம்பிக்கை உடையவன் ஆதலால் முன் சக்கரத்துக்கு ஒரு சிரிஞ்சு, பின் சக்கரத்துக்கு ஒரு சிரிஞ்சு. பிறகு, மெதுவாகப் போகும் ஊர்வலத்தில் வண்டி பாதியில் அணைந்துவிடக் கூடாதே என்று முன்யோசனையோடு, ஐட்லிங் ஸ்குருவையும் நன்றாகவே முறுக்கி வைத்தேன். இப்போது அந்த வண்டி ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ஓடும். பிரேக்கைத் தொட்டாலும் ஓடும். இரண்டாவது செய்தி அப்போது எனக்குத் தெரியாது.

சத்திரத்தில் நாற்பத்திரண்டு வண்டிகள் திரண்டிருந்தன. ஊர்வல விதிகளை ஒலிபெருக்கியில் வாசித்தேன். அவற்றில் இரண்டு முக்கியமானவை: தலைமை வண்டியை எவரும் முந்தக் கூடாது; தலைமை வண்டி நிற்கும் இடத்தில் மட்டுமே மற்றவர்கள் நிற்க வேண்டும். எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினேன்.

வழி நெடுகக் காவலர்கள் சிக்னலை எங்களுக்காகத் திறந்து வைத்திருந்ததால் பிரேக் போடும் தேவை எழவில்லை. பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. மாம்பழச் சாலை திரும்பும்போது பிரேக்கை இலேசாகத் தொட்டேன். சத்தமே இல்லை! அகமகிழ்ந்தேன். வேகம் குறையவில்லை என்பதை மகிழ்ச்சியில் கவனிக்கவில்லை.

தெற்குச் சித்திரை வீதியில் ரிப்பன் தெரிந்தது. அருகே கத்தரியுடன் இன்ஸ்பெக்டர். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் தேன்மொழியும் மாணிக்கம் சாரும். "இதோ வந்துவிட்டார்கள்!" என்று மைக் பிடித்திருந்தவர் முழங்கினார். நான் பிரேக்கை மிதித்தேன். முழு பலத்தோடு மிதித்தும் வேகம் குறையவில்லை. கைப் பிரேக்கைப் பிடித்தேன். அதுவும் வெண்ணெயைப் பிடித்ததுபோல வழுக்கியது. கிளட்சைப் பிடித்தேன். இன்ஜின் ஊளையிட்ட ஊளையில் பயந்துபோய் விட்டுவிட்டேன். வண்டி முன்னைவிட உற்சாகமாகப் பாய்ந்தது. ரிப்பன் என் மார்பில் அறுந்தது.

"இதோ... போய்விட்டார்கள்," என்றார் மைக்காரர்.

விதிப்படி நாற்பத்தொரு வண்டிகளும் என் பின்னால் வந்தன.

ஸ்ரீரங்கத்து வீதிகளின் அமைப்பை இங்கே நினைவுகூர வேண்டும். சித்திரை வீதிகள் நான்கும் கோயிலைச் சதுரமாகச் சூழ்ந்தவை. நேராகப் போய் இடப்பக்கம் நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள். நானும் வந்தேன். ஆனால் வலமாக அல்ல, இடமாக! கோயிலை அப்பிரதட்சிணமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வடக்கு வீதியில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு மாமி, "அட ராமா! இவாளுக்கு யாருமே சொல்லித் தரலையா? எதிர்ப்பக்கமா சுத்தறாளே!" என்று பதறியது காதில் விழுந்தது.

இரண்டாம் முறை நான் வருவதற்குள் ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதையும் அறுத்தேன். உதவி வேண்டி இடக்கையை உயர்த்தி ஆட்டினேன். வீதியின் இருமருங்கிலும் இருந்த மக்கள் மகிழ்ந்து கையாட்டினார்கள். இரண்டு ஆட்டோக்களும் சைக்கிளில் ஒரு பால்காரரும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் முறை நான் வந்தபோது இன்ஸ்பெக்டர் தாமாகவே ரிப்பனை அவிழ்த்து ஓரமாகப் பிடித்துக்கொண்டார்.

வண்டியை நிறுத்த வழியே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். சிந்திக்காமல் இல்லை. நான் திடீரென்று நின்றால் பின்னால் வருபவர் என்மேல் மோதுவார், அவர்மேல் அடுத்தவர், இப்படியே கணக்கிட்டால், தனி மனிதன் ஒருவனின் நிம்மதிக்காக நாற்பத்தொரு குடும்பங்கள் பாதிக்கப்படலாம். ஆகவே பெட்ரோல் தீரும்வரை சுற்றுவதே சமூகத்துக்கு உகந்தது என்ற முடிவுக்கு வந்தேன். (டேங்க்கை அன்று காலைதான் நிரப்பியிருந்தேன்.)

மூன்றாம் சுற்று முடியும் தறுவாயில், மேற்குச் சித்திரை வீதியில், ஒரு ஸ்கூட்டர் அத்தனை வண்டிகளையும் முந்திக்கொண்டு என் பக்கத்தில் வந்தது. தேன்மொழி.

"என்ன பண்றீங்க நீங்க?"

"முந்தக் கூடாதுங்க! விதி இருக்கு!" என்று கத்தினேன். சத்தியமாக அதுதான் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்.

"லூசு! பிரேக் போடு!"

"பிரேக் இல்ல!"

"சாவியத் திருப்பு!"

"பின்னாடி நாப்பது வண்டி வருதே! எல்லாரும் வந்து மோதினா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத்தில் வடிக்க மாட்டேன். "அவங்க வண்டியில எல்லாம் பிரேக் இருக்கு கதிர். இல்லாதது உன் வண்டியில மட்டும்தான்."

என் முதுகலைப் படிப்பு முழுவதிலும் இவ்வளவு தெளிவான வாதத்தை நான் கேட்டதில்லை. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் அடங்கியது. வண்டி இருநூறு அடி உருண்டுபோய், தொட்டியம் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்த வாழையிலைக் கட்டுகளில் மெத்தென்று முட்டி நின்றது. எனக்கும் வண்டிக்கும் கீறல்கூட இல்லை. எனக்குப் பின்னால் நாற்பத்தொரு வண்டிகளும் மிக ஒழுங்காகப் பிரேக் பிடித்து நின்றன. யாரோ கைதட்டினார்கள்.

ஊர்வலத்தில் வந்திருந்த சலீம் பாய் அங்கேயே சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மிலிருந்து எண்ணெய் சொட்டியது. மாணிக்கம் சார் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், முகர்ந்தார்.

"நல்ல ஆயிலாத்தான் போட்டிருக்காரு," என்றார் சலீம் பாய். "பிரேக்ல எண்ணெய் கிண்ணெய் பட்டுடப் போவுது தம்பின்னு நேத்தே அனுப்பிச்சேனே?"

அந்த எட்டு விநாடிகளை நான் அப்போதுதான் கேட்டேன். எல்லோர் முன்னிலையிலும், ஸ்பீக்கரில்.

மாலையில் காட்டூருக்குப் போனேன். ஆறு பக்க மன்னிப்புக் கடிதம் கையில் இருந்தது. மாணிக்கம் சார் அதை வாங்கினார், பக்கங்களை எண்ணினார், படிக்காமல் டீப்பாயில் வைத்தார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே முடிவு செய்துகொண்டு நான் எழுந்தேன்.

"உக்காருங்க தம்பி. மூணு சுத்து. ஒரு ஆள் மேல இடிக்கல, கீழ விழல. கெட்ட ஓட்டுநர் இல்ல நீங்க." பெருமூச்சு விட்டார். "நிறுத்தத்தான் தெரியல. அது இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். நீங்க எந்த வண்டி வாங்கினாலும் சாவி தேனுகிட்டதான் இருக்கணும்."

ஒப்புக்கொண்டேன். கையெழுத்துப் போடட்டுமா என்றும் கேட்டேன். சமையலறையிலிருந்து பாத்திரம் விழும் சத்தம் கேட்டது; தேன்மொழி சிரித்ததில் விழுந்ததாம்.

திருமணத்தன்று அக்கினியை வலம் வரும்போது மூன்றாம் சுற்று முடிந்ததும், கூட்டத்திலிருந்து காவிரிக்கரை ரைடர்ஸ் ஒரே குரலில், "சாவி! சாவி!" என்று கத்தினார்கள். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, எந்தச் சாவி காணாமல் போனது என்று விசாரித்தார்.

இப்போது என்னிடம் சொந்த வண்டி இருக்கிறது. சாவி மனைவியின் கைப்பையில் இருக்கிறது. வீட்டில் நான் எதைப் பற்றியாவது சாதக பாதகங்களை விரித்துப் பேசத் தொடங்கினால் யாரும் குறுக்கிடுவதில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு திருப்புத் திருப்புவார்கள், அவ்வளவுதான். மாமனார் செய்வார். சலீம் பாய் வீடியோ அழைப்பில் செய்வார். பேசப் பழகுவதற்கு முன்பே என் மகள் அதைச் செய்யப் பழகிவிட்டாள்.

இந்தக் கட்டுரையை நேற்று வீட்டில் வாசித்துக் காட்டினேன். சாலைப் பாதுகாப்பில் தனிமனிதப் பொறுப்பு என்ற தலைப்பில் இன்னும் நான்கு பத்திகள் இருந்தன. மகள் விரலைத் திருப்பிவிட்டாள்.